உருகும் குளத்து ஐஸைப் படமெடுக்க சர்குலர் போலரைசர் ஃபில்டர்: வாங்கலாமா?

வாங்கலாம். மார்ச்சில் டொராண்டோவின் கிரனடியர் குளம் போன்ற இடங்களில் ஐஸ் உருகும்போது தோன்றும் கோலங்களை எடுக்க, மேக்ரோ லென்ஸுக்கு (சின்னஞ்சிறியதை நெருங்கி எடுப்பது) அடுத்தபடியாகக் காசு போடத் தகுந்த பொருள் இதுதான்: லென்ஸின் முன்னால் மாட்டிச் சுழற்றி, பிரதிபலிப்பை அடக்கும் ஃபில்டர். ஆனால் எல்லாக் கோலத்துக்கும் உதவாது.

ஈரமான ஐஸ் வானத்தைப் பிரதிபலித்து உள்ளே இருப்பதை மறைத்துவிடும். ஃபில்டர் வளையத்தைத் திருப்பினால் அந்தப் பளபளப்பு அடங்கும், மேகமூட்டமான நாளிலும்கூட. கேமரா பார்க்கும் கோடு ஐஸ் பரப்போடு சுமார் 37 டிகிரியில் இருந்தால்தான் முழுப் பலன். நேர் மேலிருந்து குனிந்து எடுத்தால் எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் மாறாது. அது ஃபில்டரின் குறை இல்லை. பளபளப்பை முழுக்க எடுத்துவிடவும் வேண்டாம். ஈரத்தின் மினுக்கம் போனால் ஐஸ் அழுக்குப் பிளாஸ்டிக் தகடுபோல் ஆகிவிடும்.

ஃபில்டர் உண்மையிலேயே கைகொடுப்பது டிண்டால் பூக்களுக்கு. இயற்பியலாளர் ஜான் டிண்டால் 1858-இல் விவரித்தவை இவை. வெயில் ஐஸுக்குள் ஊடுருவி அங்கங்கே உருக்கும்போது, ஆறிதழ்ப் பூவாக நீர் தேங்கும். உருகிய நீருக்கு ஐஸைவிடக் குறைந்த இடமே போதும் என்பதால், நடுவே ஒரு வெற்றுக் குமிழி வெள்ளிப் பொட்டாக மின்னும். பூ சில மில்லிமீட்டர்தான். லென்ஸ் துளையை எஃப்/8 அல்லது எஃப்/11-இல் வைத்து, ஃபோகஸைக் கையால் குமிழியின் விளிம்பில் நிறுத்துங்கள். ஃபில்டர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). டிரைபாட் இல்லாவிட்டால் படம் ஆடிவிடும்.

ஐஸ் நட்சத்திரங்களுக்கு இது தேவையில்லை. பனி மூடிய மெல்லிய ஐஸில் ஓட்டை விழுந்து, கீழிருக்கும் சற்றே வெதுவெதுப்பான நீர் மேலேறி, பனியை உருக்கிக்கொண்டே கிளைகளாகப் பரவும். ஆய்வாளர்கள் விக்டர் சாய், ஜான் வெட்லாஃபர் இருவரும் 2007-இல் இதற்குக் கணிதம் எழுதினார்கள். வெண்பனி வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் ஃபில்டருக்கு அங்கே வேலை குறைவு. வேண்டியது உயரம்: பாலமோ மேட்டுக் கரையோ. நட்சத்திரம் தெரியும் ஐஸ் ஆளைத் தாங்கும் என்று நம்பி அதில் காலை வைக்காதீர்கள்.

இன்னொரு பயன். லேப்டாப்பின் எல்சிடி திரையை வெள்ளையாக வைத்து, அதிலிருந்து ஒரு முழம் தள்ளி, கரையோரம் எடுத்த 1 அல்லது 2 மி.மீ. ஐஸ் தகட்டைப் பிடியுங்கள். ஃபில்டரைத் திருப்பிப் பின்னணியை இருளாக்கினால், படிகங்கள் தனித்தனி நிறத்தில் தெரியும். தகடு தடிமனாக இருந்தால் நிறங்கள் வெளிறிவிடும். எப்படிச் சுழற்றியும் கறுப்பாகவே இருந்தால், படிக அச்சு உங்களை நோக்கி நிற்கிறது. தகட்டைச் சற்றே சாயுங்கள், நிறம் வரும்.

கடையிலும் அதே வெள்ளைத் திரையில் சோதிக்கலாம். முன்பக்கம் திரையை நோக்கி இருக்க, சுழற்றும்போது ஏதோ ஒரு நிலையில் கிட்டத்தட்ட முழுக் கறுப்பாக வேண்டும். ஊதா தங்கினால் வாங்காதீர்கள். பெரிய லென்ஸின் அளவில், 77 மி.மீ. என்றால் அதிலேயே ஒன்று வாங்கி, மற்றவற்றுக்கு ஸ்டெப்-அப் ரிங் (சிறிய லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் வளையம்) போடுங்கள். பித்தளை வளையமே நல்லது. அலுமினியம் சிக்கிக்கொண்டால் உறைந்த விரலால் கழற்றுவது பெரும்பாடு. வீட்டுக்குள் போகுமுன் கேமராவை ஜிப் பையில் போட்டு மூடுங்கள், இல்லையேல் ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவே நீர் படியும்.