சுழலும் ஒளிக்கு எது தோது: மூலக்கூறா, படலமா?

மெரினாவில் நண்பகலில் ஓஎல்இடி திரையுள்ள போனைப் பாருங்கள். வெயிலின் எதிரொளிப்பை அடக்க அதன் மேல் ஒட்டிய வட்டத் தளவிளைவுப் படலம் (ஒரு பக்கமாகச் சுழலும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி), திரையின் சொந்த ஒளியிலும் ஏறக்குறையப் பாதியை விழுங்கிவிடுகிறது. ஒளி பிறக்கும்போதே இடம்புரியாகவோ வலம்புரியாகவோ சுழன்று வந்தால் அந்தப் பாதி மிஞ்சும். அதற்குத்தான் கைரல் கரிமப் பொருள்களை, அதாவது இடக்கை வலக்கை போல ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத இரு கண்ணாடிப் பிம்ப வடிவங்கள் (இரு 'கைகள்') உள்ளவற்றை, தேடுகிறார்கள். ஒளியில் ஒரு பக்கச் சுழற்சி எவ்வளவு மிஞ்சுகிறது என்பதற்கான மதிப்பெண் 'ஜி' எண். முழுமையாக ஒரே பக்கம் சுழன்றால் 2.

அழகில் ஹெலிசீனை மிஞ்ச ஆளில்லை. பென்சீன் வளையங்கள் சுழல் படிக்கட்டாய் அடுக்கியிருக்கும். ஐந்து வளையம் போதாது, மெல்லத் தானாகவே கை மாறிவிடும், ஆறு வேண்டும். ஆனால் வெறும் ஹெலிசீன் மங்கலாகவே ஒளிரும். தொகுத்தால் இரு கைகளும் பெரும்பாலும் சரிபாதியாகப் பிறக்கும். பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பைநாப்தில், அதாவது இரண்டு நாப்தலீன் துண்டுகள் முறுக்கிக்கொண்டு இணைந்த மூலக்கூறு, நடைமுறைக்காரன். அதன் ஒரு வகையான பைநாஃப்தால் இரு கைகளிலும் தனித்தனிப் புட்டியாக விலைக்குக் கிடைக்கிறது. பிடித்த சாயத்தை ஒட்டிக்கொள்ளலாம். பிரகாசத்துக்குக் குறைவில்லை. ஜி எண்தான் பரிதாபம். 0.002 என்றால், 2000 ஃபோட்டான்களில் ஒரு கைக்கு 1001, மறு கைக்கு 999. இது வேதியியலாளரின் திறமைக்குறைவு அல்ல. கரிம மூலக்கூறு பளிச்சென்று ஒளிர மின் இருமுனை (ஒளியின் மின்புலத்தோடு மூலக்கூறு பிணையும் வலு) வலுவாக இருக்க வேண்டும். அது வலுக்க வலுக்க, கை வேறுபாட்டைத் தரும் பலவீனமான காந்த இருமுனையின் பங்கு அமுங்கிவிடும்.

மூன்றாவது, கொலஸ்டெரிக் திரவப் படிகப் படலம்: அதில் மூலக்கூறுகள் அடுக்கடுக்காகச் சுருள்போல் திரும்பி நிற்கும். இங்கே சாயம் கைரலாக இருக்கவே தேவையில்லை. சுருளின் புரி நீளத்தை (ஒரு முழுச் சுற்றுக்கான நீளம்) ஒளிவிலகல் எண்ணால் பெருக்கினால் எதிரொளிக்கும் அலைநீளம் வரும்: 325 நானோமீட்டர் புரி, 1.6 எண் என்றால் 520, நல்ல பச்சை. சாயத்தின் நிறம் அதில் பொருந்தினால், ஒரு கை ஒளி உள்ளேயே தடுக்கப்பட்டு மறு கை வெளியேறும். ஜி எண் 1-ஐத் தாண்டும். குறை, புரி வெப்பத்தில் நகரும். சென்னையின் மே மாதத்தை நினைத்தால், புற ஊதா ஒளியில் இறுக்கிப் பாலிமராக்காத படலத்தை நான் நம்பமாட்டேன். அளக்கும்போதும் படலத்தைத் திருப்பிப் போட்டு, சுழற்றிப் பார்க்க வேண்டும். எண் மாறினால் நேர்கோட்டுத் தளவிளைவு (ஒளி சுழலாமல் ஒரே தளத்தில் அதிர்வது) ஏமாற்றுகிறது.

திரைக்கென்றால் என் ஓட்டு படலத்துக்கே. ஆனால் திரவப் படிகத்தைச் சுருளாக முறுக்கச் சிறிது கைரல் பொருள் கலக்க வேண்டுமே, அதற்குப் பெயர்பெற்றவை பைநாப்தில் வகைகள்தாம். ஒளிர்வதில் தோற்ற அதே புட்டியை மறுபடியும் எடுத்துத் திறக்கிறோம்.