ஸ்டானேஜா, கர்பரா, ரோச்சஸா? ஒரே ஒரு நாள் இருந்தால்

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்டுக்கு முதல்முறை நடக்க வரும் நண்பர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ஒரு நாள்தான் இருக்கிறது, எந்த 'எட்ஜ்'க்குப் போவது? கிழக்கே ஷெஃபீல்டை ஒட்டி ஸ்டானேஜ். அதற்குத் தெற்கே பாஸ்லோ, கர்பர், ஃபிராகட் என்று ஒன்றையொன்று தொட்டு நிற்கும் மூன்று. தென்மேற்கு மூலையில், ஸ்டாஃபோர்ட்ஷயரில் ரோச்சஸ். இவை எல்லாவற்றிலும் பல முறை நடந்திருக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல்முறை என்றால் ஸ்டானேஜ். பெற்றோரையோ சின்னக் குழந்தைகளையோ கூட்டிக்கொண்டு வந்தால் கர்பர். காரும் ஒரு முழு நாளும் கையில் இருந்தால், இரண்டாவது பயணத்துக்கு ரோச்சஸ்.

எட்ஜ் என்றால் மலை உச்சி என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் முதலில் கொஞ்சம் குழம்புவார்கள். மேலே புதர் மண்டிய மேட்டுச் சமவெளி. அது போய்க்கொண்டே இருந்து ஓரிடத்தில் சட்டென்று முறிகிறது. முறிந்த இடத்தில் 10 முதல் 25 மீட்டர் வரை செங்குத்தான பாறைச் சுவர், அதன் காலடியில் உருண்டு கிடக்கும் பாறைகள், அப்புறம் புல்வெளியும் பள்ளத்தாக்கும். சுவரின் தலையில்தான் நம் நடைபாதை.

பாறையின் பெயர் கிரிட்ஸ்டோன். சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்த மலைகளை அரித்து வந்த ஒரு பெரிய ஆறு, தன் டெல்டாவில் கொட்டிய முரட்டு மணல் இறுகிக் கல்லானது. உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். புதிதாகக் கொத்திய அம்மியைத் தொட்டது போல இருக்கும். அதே காரணத்தால்தான் இந்த ஊர்க்காரர்கள் பல நூற்றாண்டுகள் இதில் மாவரைக்கும் கல் வெட்டினார்கள். இன்று பாறையேறிகள் இங்கே குவிவதற்கும் அதுவே காரணம். பிடிக்க விளிம்பே இல்லாத இடத்திலும் ரப்பர் காலணி இந்தக் கல்லில் ஒட்டி நிற்கும். குளிரும் வறண்ட காற்றும் உள்ள நாளில் இன்னும் நன்றாக ஒட்டும். அதனால், நாம் வீட்டுக்குள் போர்த்திக்கொண்டு இருக்கும் நவம்பர் காலையில்கூட இங்கே ஆள் தொங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஸ்டானேஜை நான் முதலில் வைப்பதற்குப் பெரிய காரணம் ரயில். ஷெஃபீல்டுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவே ஓடும் ஹோப் பள்ளத்தாக்குப் பாதையில் ஹாதர்சேஜ் நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்தே நடை தொடங்கிவிடும். ராபின் ஹூட்டின் தோழன் லிட்டில் ஜானின் கல்லறை என்று ஊரார் காட்டும் இடம் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வயல்கள் வழியாக நார்த் லீஸ் ஹால் என்ற பழைய கோபுர வீட்டைத் தாண்டி, மரத்தோப்புக்குள் கல் பாவிய பாதையில் ஏறினால் எட்ஜின் தலைக்கு வந்துவிடலாம். இப்படி ஊரிலிருந்து மெல்ல மெல்ல நெருங்கும்போது, வயலுக்கு மேலே ஒரு கருங்கோடாகத் தெரிந்த பாறை பக்கத்தில் வரவர எவ்வளவு பெரிதாகிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். கார் நிறுத்தத்திலிருந்து நேராக மேலே ஏறுகிறவர்களுக்கு இது கிடைக்காது.

மேலே ஏறியதும் எட்ஜ் இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 6 கிலோமீட்டருக்கு நீள்கிறது. மிக உயர்ந்த இடம் ஹை நெப், 458 மீட்டர். எதிரே மாம் டோர் குன்று, அதற்கும் பின்னால் கிண்டர் ஸ்கவுட் மேடு. ஹோப் ஊரின் சிமென்ட் ஆலைப் புகைபோக்கியும் கண்ணில் படும். ஊரிலிருந்து சுற்றி முடித்து நிலையத்துக்கே திரும்பும் வட்டம் 14, 15 கிலோமீட்டர் வரும். இடையில் சாப்பிட உட்கார்ந்தால் ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தயவுசெய்து மேல்பாதையில் மட்டும் நடந்துவிட்டு வந்துவிடாதீர்கள். எட்ஜின் காலடியிலும் ஒரு பாதை இருக்கிறது. அங்கேதான் வெட்டி முடித்து வட்டமாக்கிய பெரிய எந்திரக்கல்கள் விற்கப்படாமல் புல்லுக்குள் சாய்ந்து கிடக்கின்றன. வெள்ளை மாவுக்கு மவுசு வந்தபோது இந்தக் கல் மாவைச் சாம்பல் நிறமாக்கியது, பிரெஞ்சுக் கல் சந்தையைப் பிடித்துக்கொண்டது. உளி வைத்த தடம்கூட மாறாமல் கிடக்கும் அந்தக் கற்களைப் பார்க்கும்போது, வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போன அந்தக் கைகளைத்தான் எனக்கு நினைக்கத் தோன்றும். பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் சின்னமே இந்த எந்திரக்கல்தான்.

கீழே நின்றால் ஏறுகிறவர்களின் வேலையும் புரியும். இங்கே பாறையில் துளை போட்டு ஆணி அடிப்பதில்லை. முதலில் ஏறுகிறவர் வெடிப்புகளில் சின்ன உலோக ஆப்புகளைத் தானே செருகிக்கொண்டு போவார், கடைசியில் வருகிறவர் அவற்றைக் கழற்றிக்கொண்டு வருவார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏற்றங்கள் இப்படித்தான் ஏறப்பட்டிருக்கின்றன. அவற்றில் 'ரைட் அன்கான்கரபிள்' என்ற வெடிப்பைத் தேடிப் பாருங்கள். 1949-இல் மான்செஸ்டர் இளைஞர் ஜோ பிரவுன் முதலில் ஏறியது. அதே ஜோ பிரவுன் 1955 மே மாதம் ஜார்ஜ் பேண்டுடன் கஞ்சன்ஜங்காவில் இருந்தார். உலகின் மூன்றாவது உயரமான சிகரத்தின் உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறையில் ஒரு வெடிப்பு வழிமறித்தது. இந்தக் கிரிட்ஸ்டோனில் பழகிய கைதான் அங்கேயும் ஏறியது. சிக்கிம் மக்களின் நம்பிக்கையை மதித்து, உச்சியை மிதிக்காமல் சில அடி முன்னாலேயே இருவரும் நின்றுகொண்டார்கள். ஹாதர்சேஜுக்கு மேலே இருக்கும் இந்தச் சுவரையும் இமயத்தையும் ஒரே மனிதரின் விரல்கள் இணைத்திருக்கின்றன என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கும்.

குழந்தைகள் சலித்துக்கொண்டால் மேல்பாதையில் எண்களைத் தேடச் சொல்லுங்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டைக்கான கௌதாரி போன்ற குரௌஸ் பறவைகள் தண்ணீர் குடிக்க, பாறையிலேயே கிண்ணம் போலக் குடைந்து, மழைநீர் வந்து சேர வாய்க்கால் கீறி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் பொறித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பறவைக்குத்தான் இங்கே இடம், நடக்க வந்தவர்களைக் காவலாளிகள் விரட்டினார்கள். 1932-இல் கிண்டர் ஸ்கவுட்டில் தடையை மீறித் தொழிலாளர்கள் கூட்டமாக ஏறினார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக இந்தப் பகுதி அறிவிக்கப்பட்டது. இன்று நாம் டிக்கெட் இல்லாமல், யாரிடமும் கேட்காமல் நடக்கிறோம்.

ஸ்டானேஜின் குறை காற்று. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமும் அதிகம். ஆனால் நீளமான எட்ஜ் என்பதால், ஹை நெப் பக்கம் வடக்கே நடக்க நடக்க கூட்டம் கரைந்துவிடும்.

கர்பருக்கு வருவோம். போன கோடையில் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். 68 வயது, முழங்கால் வலி. ஸ்டானேஜுக்குக் கூட்டிப்போயிருந்தால் மரத்தோப்பு ஏற்றத்திலேயே உட்கார்ந்திருப்பார். கர்பர் கேப் கார் நிறுத்தம் ஏற்கெனவே மேட்டில் இருக்கிறது, சிறிது தூரத்திலேயே எட்ஜ். பாதையும் மாட்டுவண்டித் தடம் போல அகலம், பெரும்பாலும் சமதளம். அம்மா ஃபிராகட் வரை மெதுவாக நடந்துவிட்டார். அங்கே பாதையோரம், மரங்களுக்கு நடுவே வெண்கலக் காலக் கல்வட்டம் ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில்தான் புளியோதரையைப் பிரித்தோம்.

கேப்புக்குத் தெற்கே பாஸ்லோ எட்ஜில் நீண்ட முடி தொங்கும் ஹைலேண்ட் மாடுகள் மேயும். கன்றோடு இருந்தால் விலகியே போங்கள். அங்கே சமவெளியில் தனியாக ஒரு பெரும்பாறை, ஈகிள் ஸ்டோன். பாஸ்லோ இளைஞர்கள் அதில் ஏறிக் காட்டினால்தான் கல்யாணத்துக்குத் தகுதி என்று ஒரு வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். இதைச் சொன்னதும் அம்மா, "நம்ம ஊர் இளவட்டக்கல் மாதிரின்னு சொல்லு" என்றார். நான் எத்தனையோ முறை அதைக் கடந்திருக்கிறேன், எனக்கு அது தோன்றியதே இல்லை.

இந்த மூன்று எட்ஜுகளிலும் ஸ்டானேஜைவிடப் பள்ளத்தாக்கு நெருக்கமாகத் தெரியும். கீழே டெர்வென்ட் ஆறு, ஊர்கள், எதிர்ச்சரிவில் ஈயம் (Eyam) என்ற கிராமத்துப் பக்கம். 1665-66-இல் பிளேக் வந்தபோது நோய் வெளியே பரவாமலிருக்கத் தன்னைத் தானே அடைத்துக்கொண்ட ஊர் அது. ஆனால் ஏறுகிறவர்களைப் பார்க்க மட்டும் கர்பர் அவ்வளவு வசதியில்லை. இங்குள்ள ஏற்றங்கள் கடினமானவை என்று பெயர் பெற்றவை, ஆள் குறைவு. மேல்பாதையிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் கயிறு மட்டும்தான் தெரியும். ரயிலில் வருகிறவர்கள் கிரின்டில்ஃபர்டில் இறங்கி ஏறலாம், ஆனால் முதல் ஏற்றம் மூச்சு வாங்கும்.

ரோச்சஸ் இரண்டையும்விட உயரம், 505 மீட்டர். அடுக்கடுக்காக இரண்டு வரிசைப் பாறை, பக்கத்தில் தனியாகக் கோட்டை போல ஹென் கிளவுட். தெளிவான நாளில் மேற்கே ஜோட்ரெல் பேங்க் வானொலித் தொலைநோக்கியின் வெள்ளைக் கிண்ணம் தெரியும். மேல்பாதையில் டாக்ஸி பூல் என்று ஒரு கருநிறக் குட்டை, அதில் ஆளை இழுக்கும் நீர்மோகினி இருப்பதாகக் கதை. மேலடுக்கில் கூரை போல வெளியே நீண்டு நிற்கும் பாறையில் 1954-இல் பாறையேறி டான் வில்லன்ஸ் முதலில் ஏறிய 'ஸ்லாத்' என்ற ஏற்றத்தை யாராவது ஏறும்போது பார்க்கக் கிடைத்தால் அது பெரிய பாக்கியம்.

ரோச்சஸுக்கு மட்டுமே சொந்தமான ஒன்று லட்ஸ் சர்ச். எட்ஜைத் தாண்டிக் காட்டுக்குள் போனால், நிலம் சரிந்து பிளந்த சந்து, ஏறக்குறைய 100 மீட்டர் நீளம், சில இடங்களில் 18 மீட்டர் ஆழம். சுவரெல்லாம் பாசியும் பெரணியும். கோடையிலும் உள்ளே சில்லென்றிருக்கும். மத விரோதிகள் என்று துரத்தப்பட்ட லாலார்டுகள் 15-ஆம் நூற்றாண்டில் இங்கே ஒளிந்து வழிபட்டார்கள் என்பது மரபுச் செய்தி. அதையும் சேர்த்து நடந்தால் முழு நாள் போய்விடும். ரோச்சஸ் பின்னுக்குப் போவது போக்குவரத்தால்தான். அருகிலுள்ள லீக் ஊருக்கே வழக்கமான ரயில் கிடையாது, கார் இல்லாமல் போய்த் திரும்புவது சிரமம். 2018 ஆகஸ்டில் இங்கே பெரிய தீ பிடித்துக் கரிமண் நிலம் நாள்கணக்கில் எரிந்தது. அதனால் எந்த எட்ஜுக்குப் போனாலும் அடுப்போ பார்பிக்யூ தட்டோ வேண்டாம், சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே போங்கள்.

வசந்த காலத்தில் ஸ்டானேஜ் பாறைகளில் ரிங் ஊசல் (ring ouzel) என்ற பறவைகள் கூடு கட்டும், ரோச்சஸில் வல்லூறுகள். சில இடங்களில் அறிவிப்புப் பலகை வைத்திருப்பார்கள், அங்கே மட்டும் சுற்றிப் போங்கள். ஆகஸ்ட் கடைசியில் போனால் மூன்று இடத்திலும் ஹெதர் புதர் பூத்து மேடெல்லாம் ஊதாவாக இருக்கும். இந்த எட்ஜுகள் பெரும்பாலும் மேற்கே பார்த்தவை, மாலை வெயில் நேராகப் பாறையில் விழும். ஸ்டானேஜ் என்றால் இரவு ரயில் நேரத்தை முன்பே பார்த்து வைத்துக்கொண்டு, அந்த வெயில் இறங்கும் வரை மேலேயே இருங்கள். ஹாதர்சேஜ் இறங்க ஒரு மணி நேரம் போதும்.