சில்கி சுபாட் 330: கொப்பின் கழுத்தில் வைக்க ஒரு கைவாள்

கொழும்பில் மரம் வெட்ட வருகிறவர்களின் கையில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் இருக்கும்: கத்தி, இல்லாவிட்டால் செயின் வாள். கத்தி நாலு கொத்தில் கொப்பை விழுத்தும். கூடவே தண்டின் பட்டையையும் ஒரு முழத்துக்கு உரித்துக்கொண்டு போகும். செயின் வாள் ஒரு நொடியில் அரிந்துவிடும். ஆனால் கொப்பும் தண்டும் சேரும் இடுக்குக்குள் அது சரிவர நுழையாது. எனவே ஒரு சாண் கட்டையை விட்டுவிட்டு இறங்குவார்கள், அல்லது தண்டோடு ஒட்டச் சீவிவிடுவார்கள். மரத்துக்கு இரண்டுமே கேடு. மர ஆலோசகர் அறிக்கையில் 'கழுத்தில் வெட்டவும்', அதாவது கொப்பு புறப்படும் புடைப்பைச் சீவாமல் அதற்குச் சற்று வெளியே வெட்டவும் என்று எழுதுவது சுலபம். மேலே தொங்குகிறவரின் கையில் அதற்கேற்ற வாள் இருக்க வேண்டும்.

சில்கி என்பது ஜப்பானில் ஹியோகோ மாகாணத்து ஓனோ நகர நிறுவனத்தின் வாள். 1919இல் தொடங்கிய கம்பனி. 'சுபாட்' என்ற பெயர் 'சரக்கென்று வெட்டுவது'க்கு ஜப்பானியர் சொல்லும் ஒலிக்குறிப்பு. அலகு 330 மில்லிமீற்றர், வளைவானது, மடிக்க முடியாது, உறையோடு வரும். அலகின் பாதிநீளம் வரை தடிப்புள்ள கொப்புக்குத்தான் கைவாள் என்பது பொதுக்கணக்கு. அப்படிப் பார்த்தால் இது ஏறக்குறைய ஆறரை அங்குலத்துக்குச் சரி. அதற்கு மேல் போனால் வாளில் பிழையில்லை, ஆளுக்குத்தான் களைப்பு.

இந்த வாள் வேகமாக அரிவதற்குக் காரணம் பல்லின் கூர் மட்டுமல்ல. சாதாரண வாளில் பற்கள் ஒன்று இடமும் ஒன்று வலமுமாகச் சாய்ந்திருக்கும்; அரிந்த இடுக்கு அகலமாக வந்தால்தான் அலகு இறுகாது. இதில் பற்கள் சாய்க்கப்படவில்லை. அதற்குப் பதிலாக அலகையே பல் பக்கம் தடிப்பாகவும் முதுகுப் பக்கம் மெல்லிசாகவும் கடைந்திருக்கிறார்கள். அரிந்த முகம் சீவுளி போட்ட பலகைபோல் வழவழப்பாக வருவது இதனால்தான். கத்தி கொத்திய முகத்தில் நார் கிளம்பி, மழைத்தண்ணீர் தேங்கி, பூஞ்சணம் பிடிக்கும். வழவழப்பான முகத்தை விளிம்பிலிருந்து வரும் புதுப்பட்டை சீக்கிரம் மூடிக்கொண்டு வரும்.

பழைய சோனகத் தெருப் பக்கம் இதே வடிவில் மலிவு வாள்கள் கிடைக்கும். கடையிலேயே சோதிக்கலாம். அலகை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து முதுகிலிருந்து பல் வரை பாருங்கள். தடிப்பு ஒரே சீராக இருந்தால் ஈரமரத்தில் இறுகும். பல்நுனியில் கருநீலச் சாயல் தெரிய வேண்டும். நுனியை மட்டும் நொடிப்பொழுது சூடேற்றிக் கடினமாக்கியதன் அடையாளம் அது.

கழுத்து என்பது, கொப்பு தண்டிலிருந்து புறப்படும் இடத்தில் மோதிரம்போலப் புடைத்திருக்கும் பகுதி. அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்துச் சொன்னது இதுதான்: மரம் புண்ணை ஆற்றுவதில்லை, சுவர் கட்டி அடைக்கிறது. அந்தச் சுவர் எழும்பும் இடம் கழுத்து. அதைச் சீவிவிட்டால் அழுகல் தண்டுக்குள் நேரே இறங்கும். கழுத்தை விட்டுவிட்டால் தாரும் தேவையில்லை, பெயின்டும் தேவையில்லை. வெட்டுக்காயத்துக்குத் தார் பூசுவது வீட்டுக்காரரின் மனச்சாந்திக்கு. மரத்துக்கு அதனால் ஒன்றும் இல்லை.

நாலு அங்குல மாங்கொப்பை இந்த வாளால் இறக்கும் முறை இது. தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, கொப்பின் அடிப்பக்கத்தில் கால்வாசி ஆழம் அரிய வேண்டும். வாள் கனக்கத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். கொப்பின் பாரத்தால் மேல்பக்கம் இழுபட்டும் கீழ்ப்பக்கம் நெரிபட்டும் இருக்கிறது. ஆழம் கூடினால் அந்த நெரிவு அலகைக் கவ்விவிடும். பிறகு அந்த இடத்துக்கு இரண்டு அங்குலம் வெளியே, மேலிருந்து கீழாக அரிந்தால் கொப்பு பட்டை கிழியாமல் விழும். கடைசியாக மிஞ்சிய கட்டையைக் கழுத்துக்குச் சற்று வெளியே அரிந்தெடுக்க வேண்டும். கட்டையை மற்றக் கையால் தாங்கியபடி கடைசி நாலைந்து இழுப்பை மெதுவாக இழுங்கள். சுபாட்டின் வளைவு கைகொடுப்பது இந்தக் கடைசி வெட்டில்தான்: மணிக்கட்டைத் திருப்பாமலே நுனி இடுக்குக்குள் போய்விடும்.

இந்த வாள் உடைவது பெரும்பாலும் ஒரே பிழையால். இது இழுக்கும்போது அரியும் வாள். தள்ளும்போது பாரம் கொடுத்தால் மெல்லிய அலகு வளைந்து, ஒருநாள் நடுவில் மடிந்துபோகும். தச்சு வாளைத் தள்ளிப் பழகிய கைக்கு முதல் வாரம் கஷ்டம். புதிதாக வருகிறவருக்குக் கீழே நின்று பட்டகொப்பில் பழக்கிவிட்டு மேலே ஏற்றுவதே சிக்கனம்.

அடுத்த எதிரி ஆணி. கடினப்பட்ட பல் நொறுங்கும் தன்மையுள்ளது. வீதியோர மரங்களில் விளம்பரப் பலகை அடித்த ஆணியும், வெசாக் கூடு தொங்கவிட்ட கம்பியும் பட்டைக்குள் புதைந்து கிடக்கும். பட்டையில் குறுக்குக்கோடாகப் புடைப்போ கருங்கறையோ தெரிந்தால் அரை அடி தள்ளி அரியுங்கள். ஒரு பல் போனால் பெரிதில்லை. பக்கத்துப் பக்கமாக மூன்று போனால் ஒவ்வோர் இழுப்பும் அங்கே தடுக்கும்.

கூர் போன பிறகு தெருமுனைச் சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். முக்கோண அரம் இந்தப் பல்லில் ஏறாது, வழுக்கும். அழுத்தினால் அரம்தான் தேயும். மாற்று அலகு வாங்கிப் போடுவதே வழி. கைபிடியைக் கழற்றி மாட்ட ஐந்து நிமிடம் போதும். வாளை வாங்கும்போதே அலகு ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். அடுத்த இறக்குமதி எப்போது வரும், என்ன விலைக்கு வரும் என்பது டொலருக்கே வெளிச்சம்.

பராமரிப்பில் கடலோர வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் தனி ரகம். அலகின் முகத்தில் பூச்சு உண்டு, பல்நுனியில் இல்லை. உப்புக்காற்றில் ஓர் இரவு ஈரத்தோடு உறைக்குள் கிடந்தால் காலையில் பல்வரிசை கறள் பிடித்திருக்கும். பலாக்கொப்பு அரிந்தால் பால் அலகில் ஒட்டி, பத்தாவது இழுப்பிலேயே வாள் கனக்கும். காய்வதற்குள் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிசாகத் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். மாம்பால் அலகைவிடத் தோலுக்குத்தான் கூடாது, கொப்பளம் போடும். நோயுள்ள மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகுமுன் ஸ்பிரிட்டால் ஒருதரம் துடைக்க வேண்டும். தென்னை, கமுகு பக்கம் இதைக் கொண்டுபோகவே வேண்டாம். நார் பல்லிடுக்கில் அடைத்துக்கொள்ளும். மட்டைக்குக் கத்திதான் சரி.

ஆபத்து என்றால் இரண்டு. இறுகி நிற்கும் ஏறுகயிற்றில் இந்தப் பல் பட்டாலே போதும், கயிறு அறுந்துவிடும். அரியும்போது ஏறியவர் தன்னை மரத்தோடு இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும், கைவாள்தானே என்று ஒன்றோடு நிற்கக்கூடாது. மற்றது வாள் பிடிக்காத கை. முதல் இழுப்பில் அலகு துள்ளும். காயம் அந்தக் கையில்தான் படும். தடித்த கையுறை போட்டு, அலகு போகும் பாதைக்குக் குறுக்கே வைக்காமல் கொப்பைப் பிடியுங்கள்.

இதே கம்பனியின் ஹயாவுச்சி என்ற கம்பு வாளையும் கேட்பவர்கள் உண்டு. கீழே நின்று பார்த்தால் கழுத்து சரியாகத் தெரியாது, எனவே கடைசி வெட்டுக்கு அது உதவாது. அதைவிட முக்கியம், அதன் கம்பு அலுமினியம். கொழும்பு ஒழுங்கைகளில் கொப்புக்குள்ளால் மின்கம்பி ஓடுகிறது. அந்த மரங்களுக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவித்து லைன் நிறுத்திய பிறகே எந்த வாளும்.

மரத்தைப் பரிசோதிக்க மட்டும் போகும் ஆலோசகருக்கு 330 பெரிது. அடிமரத்தை மூடிய கொடியை அறுத்துக் காளானைத் தேடவும், பட்டகொப்பில் ஒரு துண்டு எடுத்துப் பார்க்கவும் மடிக்கும் கொம்போய் 240 பைக்குள் அடங்கும். ஏறுகிறவருக்குச் சுபாட்.

2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸின் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். பயத்தில் உச்சியை மொட்டையடிக்கச் சொல்லும் வளவுக்காரருக்கு ஒரு வார்த்தை: மொட்டையடித்த இடத்தில் கிளம்பும் புதுக்கொப்புகள் பட்டையோரத்தில் ஒட்டியிருப்பவை, நாலைந்து வருடத்தில் கனத்து முறிந்து விழும். அந்த வேலைக்கு இந்த வாளும் உதவாது. பலா, ஈரப்பலா, பெண் பனை என்றால் தறிக்குமுன் அனுமதி வேண்டும், 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். பிரதேச செயலகத்தில் முதலில் கேட்டுவிட்டு வாளை எடுங்கள்.

குறை ஒன்று மிச்சம்: உறை. காலில் கட்டும் பட்டியோடு பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஈரத்தூள் உள்ளே அடியில் சேர்ந்து களியாகிவிடும். வாரத்துக்கு ஒருதரம் உறையைத் தண்ணீரில் அலசி, தலைகீழாகத் தொங்கவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே வாளைச் செருகுங்கள்.