பெயர்ப்பலகை இல்லாத டீக்கடையும் செவலையும்

வேலூர் காந்தி ரோட்டுப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கி, ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்த்துக்கொள்ள வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். போன சித்திரையில் எங்கள் நைனாவுக்கு சி.எம்.சி.யில் இதய வால்வு மாற்றினார்கள். மொத்தம் 19 நாள். எங்களுக்கு ஊர் குடியாத்தம். அந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஸ்கடர் அம்மா வாரத்துக்கு ஒருமுறை எங்கள் ஊருக்கு வருவார்களாம், வழியில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்ப்பார்களாம். பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்ததால், நைனாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் வேறு எங்கும் போக யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் நோயாளிக்குத்தான் கட்டில். கூட வந்தவர்களுக்கு வெளியேதான் எல்லாம். அந்த வெளியே எங்களுக்குக் கிடைத்த இடம்தான் இந்தக் கடை.

பெயர்ப்பலகை கிடையாது. காந்தி ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்து ஒன்றில், பெங்காலியிலும் இந்தியிலும் போர்டு வைத்த லாட்ஜுகள் முடிந்து வீடுகள் ஆரம்பிக்கிற இடத்தில், வேப்ப மரத்தடியில் இருக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் நடத்துகிறார்கள். விடியற்காலை மூன்றரைக்கு அடுப்பு பற்றவைத்துவிடுவார்கள். பதினொன்றுக்கு மூடி, சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடியும் திறப்பார்கள். டீ 12 ரூபாய், கேவுரு கூழ் 20, அரிசிக் கஞ்சி 20. கூழுக்குச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் உண்டு. கஞ்சிக்குத் தேங்காய்த் துவையல். ஃபிளாஸ்க் கொண்டுபோனால் வெந்நீருக்குக் காசு வாங்குவதில்லை. டீயில் சர்க்கரை தூக்கலாகப் போடுவார், முதலிலேயே கம்மி என்று சொல்லிவிடுங்கள்.

நான் தங்கியிருந்த ரூமிலிருந்து வார்டுக்குப் போக அந்தச் சந்துதான் குறுக்கு வழி. தம்பி ராத்திரி முழுக்க வெளியே காத்திருந்துவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்துத் தறிக்குப் போக வேண்டும். நாலரைக்குள் நான் போய் அவனை அனுப்ப வேண்டும். முதல் நாள் கிளம்பியபோது தெருவிளக்கு எரியவில்லை. டீக்கடை வெளிச்சம் வரைக்கும் வேகமாக வந்துவிட்டேன். அதற்கு அப்பால் ஒரே இருட்டு. அங்கேயே நின்றேன்.

"இன்னாம்மா, தனியாவா போற? கொஞ்சம் இரு, செவலை வரும்" என்றார் கடைக்காரர்.

செவலை யாரோ பையன் என்று நினைத்தேன். பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு நாய் எழுந்து வந்து உடம்பை உதறியது. எனக்குக் கை கால் ஓடவில்லை. எட்டு வயதில் கெண்டைக்காலில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டுக்கொண்டவள் நான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். இப்போதெல்லாம் தொப்புளில் போடுவதில்லை, கையில்தான் ஊசி, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், கடித்த உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் பயம் போகவில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். சிரிக்கவில்லை. அதை நான் மறக்க மாட்டேன். டார்ச் அடித்து அதன் காது நுனியில் இருந்த சின்ன வெட்டைக் காட்டினார். கருத்தடை செய்து தடுப்பூசி போட்டதற்கு அடையாளமாம். வருஷா வருஷம் ஊசி போடுகிற அட்டையையும் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டினார். "அது உன் பக்கத்துல வராதும்மா, நாலடி முன்னாடியே போவும். நீ பாட்டுக்கு நட."

அவர் சொன்னபடிதான் நடந்தது. எனக்கு நாலடி முன்னால் போனது. சந்து திரும்புகிற இடத்தில் நின்று, நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்தது. குப்பைத் தொட்டிப் பக்கம் மூன்று நாய்கள் உறுமிக்கொண்டு எழுந்தன. செவலை குரைக்கக்கூட இல்லை, எனக்கும் அவற்றுக்கும் நடுவில் போய் நின்றது. அவை படுத்துவிட்டன. பெரிய ரோடு வந்ததும் விளக்குக் கம்பத்தடியில் உட்கார்ந்துகொண்டது. நான் ரோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோதும் உட்கார்ந்திருந்தது. அப்புறம் எழுந்து வந்த வழியே போய்விட்டது.

இதை யாரும் பழக்கவில்லையாம். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அந்த மழையில் சாக்கடையில் அடித்துக்கொண்டு வந்த குட்டி. கடைக்கார அக்கா முந்தானையில் துடைத்து அடுப்புப் பக்கத்தில் படுக்க வைத்தாராம். வளர்ந்ததும், தண்ணீர் பிடிக்கப் போகிற அக்காவுக்கு முன்னால் நடந்தது. பிறகு ஃபிளாஸ்க்கும் கையுமாக இருட்டில் போகிற எல்லோருக்கும் முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டது. வெளிச்சம் வந்த பிறகு யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காது. ஐந்தாவது நாள் நான் அதன் தலையில் கை வைத்தேன். தம்பி இன்றுவரை நம்பவில்லை.

கடைக்குப் பின்பக்கம் ஒரு பலகை அலமாரி இருக்கிறது. முக்கியமாக அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஊருக்குத் திரும்புகிறவர்கள் பக்கெட், பாய், தலையணை, ஸ்டவ், குக்கர் என்று இங்கே வாங்கியதை எல்லாம் காட்பாடியில் ரயிலேற்றிக் கல்கத்தாவுக்கோ ஜார்க்கண்டுக்கோ கொண்டுபோக முடியாது. அவற்றை இங்கே வைத்துவிட்டுப் போகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அட்வான்ஸ் இல்லை, வாடகை இல்லை. நோட்டில் பொருளும் தேதியும் மட்டும் எழுதுகிறார்கள், பேர்கூடக் கேட்பதில்லை. நான் முதலில் தங்கின லாட்ஜில் ஒரு பக்கெட்டுக்கு முன்பணம் கேட்டார்கள். அதனால் எனக்கு இது பெரிசாகத் தெரிந்தது.

நான் எடுத்த ஃபிளாஸ்க்கில் பிளாஸ்திரி ஒட்டிப் பெங்காலியில் ஏதோ எழுதியிருந்தது. பக்கத்தில் டீயோடு பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் காட்டினேன். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. அந்த அம்மா வாசித்துவிட்டு, மூடியை வாங்கி ஒருமுறை திறந்து, அழுத்திக்கொண்டே திருப்பி மூடிக் காட்டினார். அதைத்தான் எழுதியிருந்திருக்கிறது. முகம் தெரியாத அடுத்த ஆள் கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். பொரி இந்தக் கடையில் எப்போதும் இருக்கும், பெங்காலிக்காரர்கள் விரும்பிச் சாப்பிடுவார்கள் என்பதற்காகவே வைத்திருக்கிறார்கள். "கொரம் ஜொல்" என்றால் வெந்நீர் என்று நானும் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிவரச் சொன்னார்கள். நான் போனேன். ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும், எனக்கு 10.8. திருப்பி அனுப்பிவிட்டார்கள். தம்பி ஒருத்தன்தான் கொடுத்தான். கடையில் வந்து உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தேன். அக்கா கேட்டார், சொன்னேன். டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் ஒருவர் கிளாஸைக் கீழே வைத்தார். "நான் குடுத்து நாலு மாசம் ஆச்சு, வா போலாம்." இன்னொருவரையும் போனில் கூப்பிட்டார். அன்றைக்கு இரண்டு பேரும் சவாரியை விட்டுவிட்டு வந்தார்கள். பணம் நீட்டினேன், கோபித்துக்கொண்டார்கள். அந்த அக்கா அன்றிலிருந்து எனக்குக் கூழோடு முருங்கைக்கீரையும் வதக்கி வைத்தார். அதற்கும் காசு வாங்கவில்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். இரண்டே பெஞ்சு, ஆறு மணிக்கு மேல் உட்கார இடம் கிடைக்காது. மழை வந்தால் தார்பாய் ஒழுகும். மத்தியானச் சாப்பாடு கிடையாது. வெயில் நாளில் அடுப்புப் பக்கம் நிற்கவே முடியாது, டீயை வாங்கிக்கொண்டு வேப்ப மரத்தின் அந்தப் பக்கம் போய்விடுங்கள். சாயங்காலம் வடை ஆறிப்போயிருக்கும்.

நைனா இப்போது வீட்டு வாசல் வரை தானாக நடக்கிறார். நாங்கள் கிளம்பின அன்று ஃபிளாஸ்க்கைக் கழுவி அலமாரியில் வைத்தேன். பெங்காலி எழுத்துக்குக் கீழே இன்னொரு பிளாஸ்திரி ஒட்டித் தமிழிலும் எழுதினேன். எங்கள் தறியில் நெய்த லுங்கி நாலும் வைத்திருக்கிறேன், பச்சைக் கட்டம் போட்டது. ஒருமுறை துவைத்துச் சாயம் போக்கியாயிற்று. ஆபரேஷன் ஆனவர்களுக்கு இடுப்பில் உறுத்தாது. ஆண் நோயாளியோடு வருகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மேல் தட்டில் இருக்கும்.