ரோமிங் திட்டத்துடன் மூன்று ஆண்டுகள்: ஜோகூர் பாலத்தில் கைப்பேசி படும் பாடு

அண்ணன் மகனுக்குச் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது. வரும் திங்கட்கிழமை முதல் அவனும் என்னைப் போலவே விடியுமுன் மலேசியாவின் ஜோகூர் பாருவில் பேருந்து ஏறி, இரவு வீடு திரும்பப் போகிறான். "அத்தை, மலேசிய லைன்லயே ரோமிங் எடுத்தா போதுமா, அங்க தனியா ஒரு சிம் வாங்கணுமா?" என்று நேற்று கேட்டான். மூன்று ஆண்டுகளாக, மலேசிய எண்ணையே சிங்கப்பூரிலும் பயன்படுத்தவிடும் அந்த ரோமிங் திட்டத்தையே நம்பிப் போய்வருகிறவள் என்பதால் அவனுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மாதம் 60 ரிங்கிட்டுக்குள் சிங்கப்பூரில் பயன்படுத்த 5 ஜிபி சேர்ந்தே வருகிறது. ஒரே எண், ஒரே கட்டணச் சீட்டு. மலேசிய வங்கியின் ஓடிபி, மகளின் பள்ளிக் குறுஞ்செய்தி எல்லாம் வேலையிடத்திலும் தடையின்றி வந்துசேர்கின்றன. ரோமிங்கில் நம் இணையப் போக்குவரத்து பெரும்பாலும் சொந்த நாட்டு நிறுவனத்தின் வழியாகத் திரும்பிச் சென்றே வெளியேறுகிறது என்பதால், சிங்கப்பூரில் உட்கார்ந்திருந்தாலும் இணையத்தளங்களின் கண்ணுக்கு நான் மலேசியாவில் இருப்பவள்தான். மலேசியாவுக்குள் மட்டுமே திறக்கும் சேவைகள் மதிய உணவு இடைவேளையில்கூட எனக்குத் திறந்தன. வேகத்திலும் குறை சொல்ல முடியாது. நகரத்துக்குள் போய்விட்டால் ரோமிங்கில் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும்.

தொல்லை முழுவதும் பாலத்தில்தான். இரு நாடுகளையும் இணைக்கும் ஜோகூர் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். வானொலி அலைகளுக்குத் தடையாக நடுவில் ஒரு மேடுகூட இல்லாத வெறும் நீர்ப்பரப்பு என்பதால், இரு கரைக் கோபுரங்களின் அலைகளும் எதிர்க்கரை வரை எளிதாகப் போய்விடுகின்றன. கைப்பேசியோ, பிடித்திருக்கும் நெட்வொர்க் கொஞ்சமேனும் கேட்கும்வரை அதை விட்டு வேறொன்றைத் தேடப் போவதில்லை. அதனால் காலையில் சிங்கப்பூர்க் கரையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்குள் நுழைந்து வரிசையில் நின்ற பிறகும் திரையில் மலேசிய நிறுவனத்தின் பெயரே தெரியும்; இரண்டு கோடுகள் இருக்கும்; ஆனால் ஒரு செய்திகூடப் போகாது. அந்தக் கோடுகள் கோபுரத்தின் குரல் நமக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. நம் குரல் அங்கே கேட்கிறதா என்பதை அவை சொல்வதில்லை. பல பத்து வாட் திறனில் ஒலிபரப்பும் கோபுரத்துக்கு, பெரும்பாலான 4ஜி கைப்பேசிகள் அதிகபட்சமாக 200 மில்லிவாட் அளவில்தான் பதில் பேசுகின்றன. இது எனக்குப் புரிய ஓராண்டு ஆயிற்று. அதுவரை கைப்பேசியில்தான் கோளாறு என்று எண்ணி, ஒரு முறை ஆண்டெனாவைக்கூட மாற்றிவிட்டேன்.

இதற்கு நான் கண்ட வழி ஃபிளைட் மோட் மட்டுமே. பேருந்து பாலத்தின் சிங்கப்பூர் முனையை நெருங்கும்போது அதைப் போட்டு, மெதுவாகப் பத்து எண்ணி, எடுக்க வேண்டும். கைப்பேசி பழையதை விட்டுவிட்டுப் புதிதாகத் தேடும். அரை நிமிடத்தில் சிங்கப்பூர் நெட்வொர்க் வந்துவிடும். நெட்வொர்க்கை நாமே தேர்ந்தெடுக்கும் அமைப்பும் உண்டு. ஆனால் மாலையில் அதைத் தானியங்கிக்கு மாற்ற மறந்தால் வீட்டுக்கு வந்த பிறகும் தொடர்பு இருக்காது. இரு நாடுகளுக்கும் இடையிலான மற்றொரு பாலமான துவாஸ் இரண்டாம் இணைப்பு வழியாகப் போன சில நாள்களில் இத்தொல்லை குறைவாக இருந்ததைக் கவனித்தேன். அங்கே நீர்ப்பரப்பு அகலம்; வண்டியும் நிற்காமல் ஓடுகிறது. ஜோகூர் கடற்பாலத்தில்தான் நெரிசலில் ஒரே இடத்தில் முக்கால் மணி நேரம் நிற்கிறோம். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் "தாமதமாகும்" என்று மேலாளருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாலையில் இதே கதை தலைகீழாக நடக்கும். சுல்தான் இஸ்கண்டார் கட்டடத்தில் குடிநுழைவு முடித்து, மலேசிய மண்ணில் நின்று வாடகைக் கார் அழைக்கும்போதும் கைப்பேசி சிங்கப்பூரை விடாது. அந்த அழைப்புக்கான டேட்டா ரோமிங் கணக்கிலிருந்து கழிகிறது. எங்கள் வீடு ஸ்தூலாங்கில், நீரிணையைப் பார்த்த பதினோராம் மாடி. சமையலறைச் சன்னல் ஓரம் கைப்பேசியை வைத்தால் சிங்கப்பூர் நிறுவனத்தின் பெயர் வரும்; நான்கு எட்டு நடந்து படுக்கையறைக்குள் போனால் மலேசியா திரும்பிவிடும். சமைக்கும்போது பாட்டுக் கேட்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஒரு மாதம் 19-ஆம் தேதியே 5 ஜிபியும் தீர்ந்துபோனபோதுதான் காரணம் விளங்கிற்று. வாடிக்கையாளர் சேவையை அழைத்து, சொந்த வீட்டில் இருந்தபடி செலவானதற்கு ஏன் ரோமிங் கணக்கு என்று கேட்டேன். அந்த நேரத்தில் நான் சிங்கப்பூரில் இருந்ததாகத்தான் பதிவு சொல்கிறது என்றார்கள். அவர்களுடைய கணினிக்கு அப்படித்தான் தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லையோரத்தில் குடியிருப்போர் இத்தனை பேர் இருக்கும் ஊரில் அதே விடையை எல்லோருக்கும் சொல்லி இணைப்பைத் துண்டிப்பது நியாயமில்லை. அன்றிலிருந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே டேட்டா ரோமிங்கையும் அணைத்துவிடுகிறேன்.

பழைய கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017-இலும் 3ஜி சேவை 2024-இலும் நிறுத்தப்பட்டன. மலேசியாவில் 3ஜி 2021-இல் போனாலும் 2ஜி மிஞ்சியிருப்பதால் பழைய கருவிக்கு இங்கே அழைப்பு வரும். ஆனால் 4ஜி வழியாகவே குரல் அழைப்பைக் கொண்டுவரும் வோல்ட்டி ரோமிங்கில் வேலை செய்யாவிட்டால் சிங்கப்பூரில் மணியே அடிக்காது. இணையம் வருகிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பாலத்தின் நடுவில் பேருந்து நின்றுவிட்டது. நீண்ட வார இறுதி என்பதால் வண்டிகள் நகரவே இல்லை. பலர் இறங்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். கையில் இருந்த கைப்பேசியில் இரண்டு கோடுகள் தெரிந்ததால் நான் கவலையில்லாமல் இருந்தேன். நடந்து போய்க் கட்டடத்தின் மின்படியில் ஏறும்போது அது அதிரத் தொடங்கிற்று. ஏழு தவறிய அழைப்புகளுக்கான குறுஞ்செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, ஏழும் மகளிடமிருந்து. குளியலறையில் வழுக்கி விழுந்த அம்மாவைப் பக்கத்து வீட்டார் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மணிக்கட்டு எலும்பில் விரிசலோடு போயிற்று. ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஐம்பது நிமிடம் என்னை அழைத்து அழைத்து, தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறேன் என்ற பதிவுக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இம்மாதத் தொடக்கத்தில் 10 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சிங்கப்பூர் முன்கட்டணச் சிம் ஒன்று வாங்கி இரண்டாவதாகப் போட்டேன். கடப்பிதழைக் காட்டிப் பதிய வேண்டும். ஒருவர் பெயரில் மூன்று முன்கட்டண அட்டைகள் வரைதான் தருவார்கள். இரண்டு சிம்களுக்கிடையே டேட்டாவைத் தானாக மாற்றிக்கொள்ளும் வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எந்தக் கணக்கில் செலவாகிறது என்றே தெரியாது. நான் எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. அழைப்புகளை இணையம் வழியாகக் கொண்டுவரும் வைஃபை காலிங்கை இயக்கி வைத்தால், மலேசிய எண்ணுக்குக் கோபுரம் எட்டாத நேரத்தில் அந்த எண்ணுக்கான அழைப்பு சிங்கப்பூர் சிம்மின் டேட்டா வழியாக வந்து மணியடிக்கிறது. என் கருவியும் என் நிறுவனமும் இதற்கு இடம் கொடுக்கின்றன. எல்லா நிறுவனங்களும் கொடுப்பதில்லை, வாங்குமுன் கேட்டுவிட வேண்டும். சென்ற புதன்கிழமை பாலத்தின் நடுவில் நின்றபடி அம்மாவிடம் பேசினேன். குரல் ஒரு நொடி தாமதித்தாலும் தெளிவாகவே இருந்தது.

பணத்தைக் கணக்கிட்டால் ரோமிங் திட்டமே வெல்லும். வசதியிலும் அதுவே முன்னால் நிற்கிறது; மேலே நான் பாராட்டியதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை, என் இணைப்பையும் துண்டிக்கப் போவதில்லை. ஆனாலும் அண்ணன் மகனுக்கு இரண்டு சிம் எடுக்கத்தான் சொன்னேன். அண்ணிக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. வீட்டில் வேறு யாரும் இல்லை. திங்கட்கிழமைக்கு முன் சிம்மைப் பதிந்து, இரண்டு எண்களையும் அண்ணியின் கைப்பேசியில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை அழைத்துப் பார்த்துவிடும்படியும் சொல்லியிருக்கிறேன்.