லியாங்ஷான் 108 பேர் சீட்டுக்கட்டு: பார்க்க வாங்கலாம், ரம்மிக்கு ஆகாது

லியாங்ஷான் மலையில் கூடிய 108 கலகக்காரர்களின் கதை, ‘வாட்டர் மார்ஜின்’ என்ற பழைய சீன நாவல். அவர்களை வரைந்த சீட்டுக்கட்டு இது. சுங்கை சிப்புட் கடைத்தெருவில் பள்ளிப் புத்தகமும் சாமிப் படமும் விற்கிற கடையில் இந்தப் பெட்டி கிடைக்கிறது. விலை 20 வெள்ளிக்குள் (ரிங்கிட்). இரண்டு கட்டு, கட்டுக்கு 54. ஜோக்கர் நான்கையும் சேர்த்தால் 108, ஆளுக்கொரு சீட்டு.

தீபாவளிக்கு ரம்மி ஆடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் முதலில் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். ஒரு கட்டு சிவப்பு, மற்றது நீலம். 13 சீட்டு ரம்மிக்கு இரண்டையும் கலக்க வேண்டும். கலந்தால் கையில் எந்தக் கட்டுச் சீட்டு எத்தனை என்று எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். எண்ணும் இடது மேல் மூலையில் மட்டும்தான். தலைகீழாக வந்த சீட்டை விசிறிபோல் பிடித்தால் மூலை வெறுமையாக நிற்கும். பிளாஸ்டிக் இல்லை, பூச்சில்லாத அட்டை. நம் ஊர் ஈரத்துக்கு ஊதி, ஒன்றோடொன்று ஒட்டும்.

ஆனால் படம் வரைந்தவர் கதை தெரிந்தவர். கூட்டத்தின் தலைவர் சோங் ஜியாங்கை முதல் ஜோக்கராக வைத்தது குறும்பு. அரசவையின் மன்னிப்புக்காக ஏங்கி ஏங்கியே கூட்டத்தை அழித்தவர்; கடைசியில் தனக்கு வந்த நஞ்சு மதுவை, தன் சாவுக்குப் பழிவாங்கக் கிளம்பிவிடுவான் என்று, உயிராய் இருந்த லி குய்க்கும் கொடுத்தவர். லின் சோங் பனிக்காட்டில், ஈட்டியில் சுரைக்குடுக்கை தொங்க நிற்கிறார். பொறுமைதான் அவர் குறை. நாடு கடத்தப்படும்போது மனைவிக்கு விவாகரத்துக் கடிதம் எழுதிக்கொடுத்தார். பிறகு ஆள் அனுப்பி விசாரித்தால் அவள் தூக்கில் தொங்கியிருந்தாள்.

பெட்டியிலேயே சிறந்தது வரிசையில் 59ஆம் ஆள், ஹு சான்நியாங் என்ற பெண் போர்வீரர். அவள் குடும்பத்தை வெட்டியவன் லி குய். அதே கூட்டத்துச் சோங் ஜியாங் அவளை வாங் யிங் என்ற பெண்பித்தனுக்குக் கட்டிவைக்கிறார். அதன்பின் கதை அவளைப் போருக்கு அனுப்புகிறதே தவிர, பேசவிடுவது அபூர்வம். 58ஆம் சீட்டில் இருக்கும் கணவனுக்கு முதுகு காட்டி அவளை வரைந்திருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் புரியும்.

வெறுங்கையால் புலியைக் கொன்ற வூ சோங்கில்தான் ஏமாற்றம். எல்லாரையும்போல இவர்களும் புலியோடு வரைந்துவிட்டார்கள். இடக்கை போனபின் ஹாங்சோ லியூஹே கோயிலில் தங்கி, பக்கவாதத்தில் விழுந்த லின் சோங்கை அவர் சாகும்வரை பார்த்துக்கொண்ட வூ சோங்கை வரைய யாருக்கும் மனமில்லை போல. இன்னொரு உறுத்தல்: எங்கும் சேர்ந்தே நிற்கும் ஈட்டிக்காரர்கள் லூ ஃபாங் 54, குவோ ஷெங் 55. கட்டு மாறுகிற இடத்தில் பிரிந்துவிட்டார்கள்.

சீட்டில் பெயர்கள் சீனத்தில் மட்டுமே. பெட்டிக்குள் 108 பேரின் வரிசைத் தாள் இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பாருங்கள். அது இல்லாவிட்டால் முதல் 36 பேருக்குக் கீழே வரிசையில் உள்ள 72 பேரில் பாதியை அடையாளம் காண முடியாது.