டி.டி.எஸ். பேனா: தண்ணீரில் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது?

ஆர்.ஓ. (சவ்வு வழியாக உப்பை வடிகட்டும் இயந்திரம்) மாட்டிய வீடுகளில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய டி.டி.எஸ். பேனா ஒன்றும் அநேகமாக இருக்கும். டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவு, அதைக் காட்டும் பேனா வடிவக் கருவி இது. வாங்கலாமா என்றால், ஆர்.ஓ. இருந்தால் வாங்கலாம். தண்ணீர் சுத்தமா என்று பார்க்கத்தான் என்றால் வேண்டாம்.

காரணம் எளிது. நுனியிலுள்ள இரண்டு உலோகக் கம்பிகளுக்கு நடுவே தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை மட்டும் பார்த்து, அதை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கி பிபிஎம் (தண்ணீரில் ஏறக்குறைய லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) என்று காட்டுகிறது. ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் அரை கிராம் உப்பைக் கரைத்தால் எண் ஏறக்குறைய 500 கூடும். அதே அளவு தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சர்க்கரையைக் கரையுங்கள், எண் அசையவே அசையாது. சர்க்கரை, உப்பைப் போல மின்சாரத்தைக் கடத்தும் அயனிகளாகப் பிரிவதில்லை. கிருமியும் பூச்சிக்கொல்லியும் இந்தப் பேனாவுக்குத் தெரியாது. இளநீரில் விட்டால் பொட்டாசியத்தால் ஆயிரக்கணக்கில் காட்டும். மழைநீர் கலந்த சாக்கடையில் குறைவாகவும் காட்டலாம். இதில் எதைக் குடிப்பீர்கள்?

ஆர்.ஓ. விற்பனையாளர் கொண்டுவரும் மின்பகுப்புக் கருவியும் (கம்பிகளைத் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சுவது) இதே கதைதான். குழாய்த் தண்ணீர் பழுப்பாகிக் கசடு கட்டும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே நிற்கும். அந்தக் கசடில் பெரும்பகுதி கருவியின் இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் கம்பியும் கரையாது. அதிலும் ஒரு சிட்டிகை உப்பைப் போடச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். (கருவி ஓடும்போது தண்ணீரில் விரல் விடாதீர்கள்.)

பேனா உண்மையில் உதவுவது ஆர்.ஓ. சவ்வைக் கவனிக்கத்தான். உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வருவதையும் அளந்து குறித்து வையுங்கள். 800 போய் 80க்குள் வந்தால் சவ்வு நன்றாக இருக்கிறது. மாதாமாதம் அது 120, 200 என்று ஏறினால் சவ்வு தேய்கிறது. டி.டி.எஸ். கன்ட்ரோலர் உள்ள இயந்திரத்தில் வடிகட்டாத தண்ணீரும் கலந்து வரும், அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை. குழாயிலேயே 300 காட்டினால் உப்பைக் குறைப்பதற்காக ஆர்.ஓ. தேவையில்லை. 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் 500க்குக் கீழே ஆர்.ஓ. கூடாது என்றுதான் சொன்னது.

அளக்கும்போது பேனாவில் போட்டிருக்கும் கோட்டுக்கு மேல் முக்காதீர்கள். லேசாக ஆட்டி, கம்பியில் ஒட்டிய காற்றுக்குமிழை விரட்டி, அரை நிமிடம் பொறுத்து எண்ணைப் பாருங்கள். சூடான தண்ணீர் வேண்டாம். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் கடத்துதிறன் சுமார் 2 சதவீதம் ஏறும், பேனாவின் வெப்பத் திருத்தம் மெதுவாகத்தான் வேலை செய்யும். திரையின் மூலையில் ×10 என்று வந்தால் 104 என்பது 1040. பதறிப்போய் பிளம்பரைக் கூப்பிடுவதற்கு முன்னும், நிம்மதியாகக் குடிப்பதற்கு முன்னும் அந்த மூலையை ஒருமுறை பாருங்கள்.

எண் தாறுமாறாக ஆடினால் கம்பியைத் துடையுங்கள், பிறகு எல்ஆர்44 பட்டன் செல்கள் இரண்டையும் மாற்றுங்கள். பின்பக்கத்துத் திருகை மட்டும் 342 பிபிஎம் அளவுத்திருத்தக் கரைசல் கையில் இல்லாமல் தொடாதீர்கள்.